அதியமானும் ஆற்காட்டாரும் அணிலும்

நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்குப் போகிற வழியில் அதியமான்கோட்டை வரும். பெயரைக் கேட்டதும் நெல்லிக்கனி ஞாபகம் வந்தால், நீங்கள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவர். சாப்பிட்டால் நீண்ட ஆயுள் தரும் கனி ஒன்றே ஒன்று கிடைக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி அதைத் தான் தின்னாமல் ஔவையார் கையில் கொடுத்துவிட்டு வெறும் வாயோடு நின்றார். நாமும் இன்றுவரை புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இதே கதையை மின்வாரியத்தில் வேலை பார்க்கிற எஞ்சினியரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் வேறு மாதிரி கேட்பார். சப்ளை ஒன்று, டிமாண்ட் இரண்டு, யாராவது ஒருவரை கட் பண்ணியே ஆக வேண்டும். தகடூர் (இன்றைய தருமபுரி) மன்னர் தன்னையே கட் பண்ணிக்கொண்டார். ஆக, தருமபுரி மாவட்டத்தின் முதல் லோட் ஷெட்டிங் அதுதான். சுவிட்சை அணைத்தவரும் இருட்டில் உட்கார்ந்தவரும் ஒரே ஆளாக இருந்தது அதுவே கடைசி!

ஸ்டாக்கில் இன்னொரு நெல்லிக்கனி இருந்திருந்தால் இந்தத் தியாகமே தேவைப்பட்டிருக்காது, இல்லையா? இருந்திருந்தால் நமக்குப் பாடத்தில் கதை இருக்காது. நம் ஊர் நிர்வாகத்தின் பெரிய சிக்கலே இதுதான். முன்கூட்டியே ஏற்பாடு செய்தவனை யாரும் பாடுவதில்லை.

கரண்ட் கதைக்கு வருவோம். மெட்ராஸில் முதன்முதலில் பல்பு எரிந்தபோது அது தனியார் வியாபாரம். மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி நகரத்துக்குக் கரண்ட் விற்றது. துரைமார் பங்களாவுக்கு ஃபேன் சுற்றியது. நல்லம்பள்ளியில் யாருக்காவது விளக்கு வேண்டுமா என்று அந்தக் கம்பெனி விசாரித்ததாகத் தகவல் இல்லை. 1947-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே 1932-ல் பைக்காரா, பிறகு மேட்டூர் என்று அரசே நீர்மின்சாரம் எடுக்க ஆரம்பித்திருந்தது. 1957 ஜூலை 1-ம் தேதி மின்வாரியம் பிறந்தது. கரண்ட் தயாரிப்பது, கம்பியில் கொண்டுவருவது, விற்பது, பில் கட்டாதவன் வீட்டு ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாமே ஒரே ஆபீஸ். திட்டுவதற்கும் ஒரே முகவரி. எவ்வளவு வசதி!

அந்த வாரியம் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் என்றார். கலைஞர் சும்மா இருப்பாரா? 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றார். 2003-ல் ஜெயலலிதா அதை நிறுத்திப் பார்த்தார். 2004 மக்களவைத் தேர்தலில் மக்கள் அவரை நிறுத்திப் பார்த்தார்கள். இலவசம் உடனே திரும்பி வந்தது. ஃபியூஸ் போட லைன்மேன்கூட அவ்வளவு வேகமாக வந்ததில்லை.

இடையில் டெல்லியில் ஒரு ஞானோதயம். 1991-ல் கஜானா காலி, தங்கம் அடகில். புதிதாக மின்நிலையம் கட்டக் காசு ஏது? “தனியாரே வருக, வெளிநாட்டாரே வருக” என்று பந்தல் போட்டார்கள். போட்ட முதலுக்கு 16 சதவீத லாபம் உத்தரவாதம். சேமிப்புக் கணக்கில் பணம் போட்டுவிட்டு வட்டியைத் தேடிக்கொண்டிருக்கிற நமக்கெல்லாம் யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

எட்டுத் திட்டங்களைப் பொறுக்கி ‘ஃபாஸ்ட் டிராக்’ என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒன்று விசாகப்பட்டினத்தில் ஹிந்துஜா குழுமத்தின் நிலையம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேச்சு ஆரம்பித்து, ஒருவழியாகக் கரண்ட் வந்தது 2016-ல்! இது ஃபாஸ்ட் டிராக். ஸ்லோ டிராக் என்று ஒன்று இருந்திருந்தால் நம் பேரப்பிள்ளைகள் ரிப்பன் வெட்டியிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ஃபாஸ்ட் டிராக், நெய்வேலியில் எஸ்.டி.-சி.எம்.எஸ். கம்பெனியின் 250 மெகாவாட். பத்து வருஷ இழுபறிக்குப் பிறகு 2002 டிசம்பரில் ஓடியது. அந்தத் திட்டத்துக்கு ‘ஜீரோ யூனிட்’ என்றே பெயர். பத்து வருஷம் அது எத்தனை யூனிட் கரண்ட் கொடுத்தது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்த திட்டம் வேறு இல்லை.

மகாராஷ்டிராவில் என்ரான் கதை இன்னும் ஜோர். 1992 ஜூனில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆட்கள் சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டு ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். 1995-ல் “அரபிக்கடலில் தூக்கிப் போடுவோம்” என்று முழங்கி ஆட்சிக்கு வந்த கூட்டணி, பிறகு உட்கார்ந்து பேசி முன்பைவிடப் பெரிய திட்டத்துக்குத் தலையாட்டியது. என்ரானின் தாபோல் நிலையம் ஓட ஆரம்பித்தது. விலையைப் பார்த்த மாநில மின்வாரியத்துக்கு மயக்கம் வந்தது. 2001-ல் நிலையம் நின்றது. அதே வருஷம் டிசம்பரில் என்ரானே திவால். கடலில் விழுந்தது யார் என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

இவ்வளவு புத்திசாலிகள் ஏன் இப்படிச் சறுக்கினார்கள்? நல்லம்பள்ளி வாரச் சந்தைக்கு வாருங்கள், சொல்கிறேன். ஆடு விலை படியவில்லையா, வியாபாரி திரும்ப ஓட்டிக்கொண்டு போய் அடுத்த வாரம் வருவார். கரண்ட் அப்படி இல்லை. உண்டாக்கிய நொடியிலேயே யாராவது தின்றாக வேண்டும். அதே சமயம், என்றைக்கோ ஒருநாள் ஊரே ஒன்றாக விருந்து வைக்கும், அன்றைக்கு ஒரு ஆடுகூடக் குறையக் கூடாது. அப்படியானால் வருஷத்தில் பத்து நாள் மட்டும் தேவைப்படும் ஆட்டை மீதி 355 நாள் யார் வளர்ப்பது? தீவனக் காசு யார் கொடுப்பது?

உலகம் முழுக்க மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்ட மேதைகள் முட்டி மோதுகிற கேள்வி இது ஒன்றுதான். ஒரு கட்சி, “விருந்தன்று ஆடு என்ன விலை வேண்டுமானாலும் விற்கட்டும், அந்த லாபத்துக்கு ஆசைப்பட்டே வளர்ப்பார்கள்” என்கிறது. டெக்சாஸ் இந்தக் கட்சி. இன்னொரு கட்சி, “ஆடு வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் மாசாமாசம் தீவனக் காசு கொடுத்துவிடுவோம்” என்கிறது. நாம் இந்தக் கட்சி. இதற்குக் கெப்பாசிட்டி சார்ஜ் என்று கௌரவமான பெயர். கரண்ட் வாங்கினால் எரிபொருள் காசு தனி.

இந்தத் தீவனக் கணக்கு நம்ம மாவட்டத்துக்கே வந்தது தெரியுமா? சாமல்பட்டி. இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004-ல் பிரித்துக்கொண்டு போவதற்கு முன் நம்ம தருமபுரிதான். அங்கே 2001-ல் ஒரு தனியார் மின்நிலையம் எழுந்தது. 105.66 மெகாவாட். நிலக்கரியா? இல்லை. அருவியா? இல்லை. கப்பலில் பார்க்கிற மாதிரி ராட்சத எஞ்சின்கள் ஏழு. குடிப்பது எண்ணெய். கடலே இல்லாத சீமையில், மாமரமும் புளியமரமும் சூழ, கப்பல் எஞ்சின்கள் தடதடவென்று ஓடிக் கரண்ட் தந்தன.

இதே மாதிரி மதுரைப் பக்கம் சமயநல்லூரில் 106 மெகாவாட். சென்னை பேசின் பிரிட்ஜில் ஜி.எம்.ஆர். வாசவியின் 196 மெகாவாட். பிள்ளைப்பெருமாள்நல்லூரில் நாஃப்தாவும் எரிவாயுவும் குடிக்கிற 330.5 மெகாவாட். எண்ணெயில் ஓடும் நிலையத்தைச் சீக்கிரம் கட்டலாம், அதுதான் அதன் அழகு. எண்ணெய் எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் 15 வருஷம். கையெழுத்துப் போட்டபோது கச்சா எண்ணெய் சல்லிசு. நூற்றைம்பது டாலரை நெருங்கும் என்று அன்றைக்கு யார் கண்டது? எண்ணெய் கண்டது. 2008-ல் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

அப்புறம் இந்த நிலையங்களின் கரண்ட் யூனிட் பத்து ரூபாயைத் தாண்டியது. வாரியம் அதை வாங்கி, மக்களுக்குப் பாதி விலைக்கும் கீழே விற்றது. வாங்காவிட்டால்? தீவனக் காசு கட்ட வேண்டும். வாங்கினால் நஷ்டம், வாங்காவிட்டால் தண்டம். மின்வாரிய அக்கவுண்டன்டுகளுக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கு உப்பு மட்டுமே காரணம் இல்லை.

“சரி, வாரியமே சொந்தமாக நிலையம் கட்டியிருக்கலாமே?” என்கிறீர்கள். நல்ல கேள்வி. 1996-ல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் முடிந்தது. அதன் பிறகு 2012 வரை வாரியத்தின் சொந்த நிலக்கரி நிலையம் ஒன்றுகூடப் புதிதாகத் தலைகாட்டவில்லை. பதினாறு வருஷம்! தனியார் கட்டுவார் என்று வாரியம் காத்திருந்தது. வாரியம் பணம் தருமா என்று தனியார் காத்திருந்தார். 2003-க்கும் 2010-க்கும் நடுவில் கட்டணமும் ஏறவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். மாடியிலிருந்து விழுந்துகொண்டிருப்பவனும் தரை வரும்வரை சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.

தரை 2008-ல் வந்தது. அந்த வருஷம் ஜூன் 27-ம் தேதி டெல்லியில் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் திறந்தது. கம்ப்யூட்டரில் விலை கேட்டு மறுநாளுக்கான கரண்ட் வாங்கலாம். இந்தியாவின் முதல் மின்சாரச் சந்தை! அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டில் ஆலைகளுக்கு அதிகாரபூர்வ மின்வெட்டு ஆரம்பம். கடை திறந்த வருஷமே சரக்கு தீர்ந்துபோன பெருமை நம்முடையது.

அப்போதைய மின்துறை அமைச்சர் ஆற்காடு வீராசாமி. நல்ல மனிதர், பழுத்த கட்சிக்காரர். பாவம், இந்தச் சமயத்தில் வந்து மாட்டினார். கரண்ட் போனால் தெருவில் “ஆற்காட்டார் வந்துட்டார்யா” என்றார்கள். வோல்டா பெயரில் வோல்ட், ஆம்பியர் பெயரில் ஆம்பியர், ஜேம்ஸ் வாட் பெயரில் வாட். வெளிச்சத்தை அளக்க வெள்ளைக்காரர்கள் பெயர். இருட்டை அளக்கிற அலகுக்கு ஒரு தமிழர் பெயர்தான் வைத்தோம்!

இதில் ஒரு கொடுமை பாருங்கள். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தி.மு.க. அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. ஒரு கோடிக்கும் மேலான டி.வி.க்கள். பார்க்கக் கரண்ட் இல்லை. 2011-ல் மின்வெட்டையே பிரசாரமாக்கி அ.தி.மு.க. ஜெயித்தது. அந்த வருஷம் செப்டம்பர் 15, மறுபடி அண்ணா பிறந்தநாள். இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். அரைக்கவும் கரண்ட் இல்லை, சுற்றவும் கரண்ட் இல்லை. டிமாண்டை வளர்ப்பதில் இரண்டு கழகத்துக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. சப்ளையைப் பற்றி அண்ணா ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் அவர் பிறந்தநாளில் செய்திருப்பார்கள்.

2012. அந்த வருஷத்தைக் கடந்து வந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கட். மற்ற மாவட்டங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில ஊர்களில் அதற்கும் மேலே. நல்லம்பள்ளிக்காரர் சென்னை உறவுக்கு போன் போட்டு, “உங்களுக்கும் கரண்ட் இல்லையா?” என்று கேட்டால், “ஆமாம்ப்பா, காலையில் ரெண்டு மணி நேரம் ரொம்பக் கஷ்டம்” என்று பதில் வரும். போனை வைத்துவிடத் தோன்றும். வைக்க வேண்டியதில்லை, சார்ஜ் தானே தீர்ந்துவிடும். நெல்லிக்கனி இந்தத் தடவை தலைநகரின் வாய்க்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் விவசாயிகள் மோட்டார் கொட்டகையிலேயே தூங்கினார்கள். ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. மாலை ஆறு முதல் பத்து வரை 90 சதவீதம் வெட்டு. வசதி உள்ளவர்கள் எல்லாரும் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். இங்கேதான் மனித மூளையின் மகத்துவம். கரண்ட் வந்ததும் ஊரில் உள்ள இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பேட்டரியை நிரப்ப ஆரம்பிக்கும். லோட் தாங்காமல் மறுபடி கட். கட்டுக்குப் பயந்து வாங்கிய பொருளே கட்டைக் கூட்டியது!

“கரண்ட் உபரியாக இருக்கும் ஊரிலிருந்து வாங்க வேண்டியதுதானே?” அதையும் செய்து பார்த்தார் ஜெயலலிதா. டெல்லி தனக்கு வேண்டாம் என்று சரண்டர் செய்த 1,721 மெகாவாட்டை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். பதில்: கரண்ட் இருக்கிறது, கொண்டுவரக் கம்பி இல்லை. தென்மாநிலங்களின் கிரிட் அன்றைக்குத் தனித் தீவு. வடக்கோடு மெல்லிய பாலங்கள் மட்டும். எக்ஸ்சேஞ்சில் வடக்குக்கு ஒரு விலை, தெற்குக்கு அதைவிட உச்சத்தில் வேறு விலை. ஒரே தேசம், ஒரே சந்தை. நடுவில் ரோடு போட மறந்துவிட்டார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவே இருண்டது. அறுபது கோடிப் பேர் இருக்கிற பகுதி. உலகப் பத்திரிகைகள் அலறின. கம்பி இணையாத புண்ணியத்தால் தெற்கு தப்பியது. அன்றைக்கு நமக்கு வழக்கமான பன்னிரண்டு மணி நேர கட் மட்டும்தான்!

2013-ன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கு வடக்கோடு சேர்ந்தது. ஆனால் பசித்தவன் ஹோட்டலுக்குப் போனால் என்ன நடக்கும்? ஆயிரம் மெகாவாட் வேண்டும் என்று டெண்டர் விட்ட, வாரியத்திலிருந்து பிரிந்த டான்ஜெட்கோ, பதினொரு கம்பெனிகளிடம் 3,330 மெகாவாட்டை வாங்கிப் போட்டது. யூனிட் ரூ.4.91, பதினைந்து வருஷத்துக்கு. கொஞ்ச காலத்தில் நாடு முழுக்க மின்நிலையங்கள் மிதமிஞ்சிப்போய், எக்ஸ்சேஞ்சில் கரண்ட் இரண்டரை ரூபாய் அளவுக்கு இறங்கியது. தமிழ்நாடு ‘மின்மிகை மாநிலம்’ என்று மேடைகளில் அறிவிக்கப்பட்டது. பத்து ஆடு தேவைப்பட்ட இடத்தில் முப்பத்து மூன்று கத்துகின்றன, தீவனக் காசு நம் தலையில். ஆனால் மிகை என்ற சொல் கேட்க எவ்வளவு இனிமை!

நம்ம ஊர்ப் பெருமை ஒன்றை விட்டுவிட்டேனே. தூத்துக்குடிக் கடலோரத்தில் இரண்டு தனியார் நிலையங்கள் வரும், அந்தக் கரண்டைச் சுமக்கப் பெரிய லைன் வேண்டும் என்று பவர்கிரிட் திட்டமிட்டது. தூத்துக்குடியிலிருந்து நம்ம மாவட்டத்துக்கு 765 கிலோவோல்ட் லைன். வந்து சேரும் துணை மின்நிலையத்துக்கு ஆவணங்களில் என்ன பெயர் தெரியுமா? ‘சேலம் பூலிங் ஸ்டேஷன் (தருமபுரி)’. இடம் கொடுத்த நம்மை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டார்கள். லைனை முதலில் 400 கிலோவோல்ட்டில்தான் ஓட்டினார்கள். திட்டமே அப்படித்தான். அந்த இரண்டு நிலையங்களில் ஒன்று வரவே இல்லை. வந்த இன்னொன்று, கோஸ்டல் எனர்ஜன், திவால் சட்டத்தின் படியேறியது. மாப்பிள்ளை வராத கல்யாணத்துக்கு எட்டு வழிச் சாலை!

நம்மை மட்டும் மட்டம் தட்டிவிட்டு அமெரிக்காவை விட்டால் பாவம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனி கொட்டியது. எரிவாயுக் குழாய்கள் உறைந்தன, நிலையங்கள் படுத்தன. சந்தை விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டு நாள்கணக்கில் அங்கேயே உட்கார்ந்தது. நம்ம காசில் யூனிட் 650 ரூபாய்! அவ்வளவு விலை கொடுத்தும் கூடுதல் கரண்ட் வரவில்லை. குழாய் உறைந்த நிலையத்துக்கு விலை ஏறியது எப்படிக் கேட்கும்? ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்த வீடுகள் உண்டு. நெருப்பு மூட்டிக் குளிர் காய அந்த பில்லாவது பயன்பட்டிருக்கும்.

மறு வருஷம் மார்ச்சில் நம்ம எக்ஸ்சேஞ்சிலும் யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. மத்திய ஒழுங்குமுறை ஆணையம் பாய்ந்து வந்து 12 ரூபாய்க்கு மேல் கூடாது என்றது. வாங்குபவருக்கு நிம்மதி. உக்ரைன் போரால் எகிறிய விலையில் வெளிநாட்டு நிலக்கரி வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விலையை விட்டால் மக்கள் திட்டுவார்கள். பிடித்தால் ஆடு ஓடிவிடும். பிறகு மே மாதம் சட்டத்தின் அவசரப் பிரிவைக் காட்டி ஓட்டச் சொன்னார்கள். சுதந்திரச் சந்தையில் உங்களுக்கு முழு உரிமை உண்டு, நாங்கள் அதட்டும்வரை.

அதற்கு முந்தின வருஷம்தான் நம்ம அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி புகழ்பெற்ற விளக்கத்தைத் தந்தார். மரக்கிளை கம்பியில் படும், அதில் அணில் ஓடும், கம்பிகள் உரசும், கரண்ட் போகும். தமிழகமே சிரித்தது. மீம்ஸ்களில் அணிலுக்குக் கட்சிப் பதவியே கொடுத்தார்கள். சிரித்தவர்கள் மன்னிக்கவும், அமைச்சர் சொன்னதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் பொது மின்நிறுவனச் சங்கமே அணில்களால் வரும் மின்தடையைக் கணக்கிட ‘அணில் இண்டெக்ஸ்’ வைத்திருந்தது. ராமருக்குப் பாலம் கட்டக் கூப்பிடாமலே வந்த ஜந்து, இன்றைக்கு ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் அப்படியே வருகிறது.

2023 ஜூனில் மத்திய அரசு ‘ரிசோர்ஸ் அடிக்வசி’ என்ற வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. விஷயம் இதுதான்: இனி எவ்வளவு கரண்ட் தேவைப்படும் என்று ஒவ்வொரு மின்விநியோக நிறுவனமும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும், அதற்கு மேலே கொஞ்சம் உபரி சேர்த்து இப்போதே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். முப்பது வருஷம் சந்தை, எக்ஸ்சேஞ்ச் என்று சுற்றிவிட்டுக் கண்டுபிடித்த புதுமை! 1957-ல் வாரியத்தில் கையில் ஸ்லைடு ரூலோடு உட்கார்ந்திருந்தவர் இதைக் கேட்டால், “இத்தனை நாள் வேறு என்னதான்டா பண்ணீங்க?” என்பார்.

2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரியன் கொட்டிக் கொடுக்கிறது. ஆடி மாசமானால் காற்றாலைகள் பின்னி எடுக்கின்றன. சாயந்திரம் ஏழு மணிக்குச் சூரியன் வீட்டுக்குப் போன பிறகு, ஊரே ஏ.சி. போடும்போது, தீவனம் தின்று சும்மா நின்ற ஆடு எதுவோ அதைத்தான் தேடுகிறார்கள். சாமல்பட்டி எஞ்சின்களின் ஒப்பந்தம் 2016-லேயே முடிந்துவிட்டது.

இதற்கிடையில் வாரியத்தைச் சீர்திருத்துகிற வேலையும் நிற்கவில்லை. 2010 நவம்பர் 1-ல் அதை உடைத்து டான்ஜெட்கோ, டான்ட்ரான்ஸ்கோ என்றார்கள். 2024-ல் டான்ஜெட்கோவை உடைத்து உற்பத்திக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என்று மூன்றாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் புது லோகோ, புது லெட்டர்பேட், புது போர்டு. நல்லம்பள்ளியில் போய் விநியோகக் கழகத்தின் அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். ஆள் முழிப்பார். “ஈ.பி. ஆபீஸா? நேரே போங்க” என்பார். எந்தச் சீர்திருத்தத்திலும் நஷ்டப்படாத ஒரே ஆசாமி, அந்தப் போர்டு எழுதுகிற பெயின்டர்.